உயிரிக்கரி, பாறைத்தூள், தொழு உரம்: மண்ணில் கார்பனை நிறுத்துவது எது?

காற்றிலிருந்து கரியமில வாயுவை அகற்றும் முறைகளுக்காக நடத்தப்பட்ட எக்ஸ்பிரைஸ் போட்டியின் முடிவு 2025 ஏப்ரலில் வெளியானது. இந்தியச் சிறு விவசாயிகளின் வயல்களில் பாசால்ட் என்னும் எரிமலைப் பாறையின் தூளைத் தூவும் மாட்டி கார்பன் 5 கோடி டாலர் முதல் பரிசைப் பெற்றது. பிரேசிலில் காபித் தோலைக் கரியாக்கி வயலில் இடச் செய்யும் நெட்ஜீரோ 1.5 கோடி டாலருடன் அடுத்த இடத்தில் நின்றது. நடுவர்களின் வரிசை அது. மண்ணுக்குள் போனது எவ்வளவு, அது எத்தனை காலம் தங்கும் என்ற இரண்டையும் கணக்குக் காட்டச் சொன்னால், கரியைத்தான் நான் முன்னால் வைப்பேன்.

தொழு உரத்தை இந்தப் பந்தயத்தில் சேர்ப்பதே அதற்கு நியாயமாகாது. அது பயிருக்கும் மண்ணின் நுண்ணுயிர்களுக்குமான உணவு. நம் வெப்பத்தில் நுண்ணுயிர்கள் அதை வேகமாகத் தின்று, அதிலிருந்த கார்பனின் பெரும்பகுதியைச் சில ஆண்டுகளிலேயே காற்றுக்குத் திருப்பிவிடுகின்றன. இடுவதை நிறுத்தினால் சேர்த்ததும் கரையும். நிலத்துக்கு அது வேண்டும் என்பதில் ஐயமில்லை. வளிமண்டலத்துக்கான வைப்பு நிதியாக அதைக் காட்டுவதுதான் பிழை.

உயிரிக்கரி, அதாவது பயோசார், அந்தத் தின்னுதலுக்கு எளிதில் இடம் கொடுக்காது. விறகையோ உமியையோ காற்றுப் புகாமல் 350 முதல் 700 டிகிரி வரை சூடாக்கும்போது கார்பன் அணுக்கள் வளையம் வளையமாகப் பிணைந்து இறுகிவிடுகின்றன. அமேசான் காட்டில் பழங்குடிகள் உருவாக்கிய கருப்பு மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கரித்துண்டுகள் இன்றும் கிடைப்பது இதனால்தான். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2019இல் தந்த கணக்கீட்டு முறைப்படி, 450 முதல் 600 டிகிரியில் சுட்ட கரியின் கார்பனில் 80 விழுக்காடு நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மண்ணில் இருக்கும். 350 முதல் 450 டிகிரி என்றால் அது 65 விழுக்காடாகக் குறையும். ஒரு டன் காய்ந்த விறகில் சுமார் 300 கிலோ கரியும், அதில் முக்கால் பங்கு கார்பனும் கிடைப்பதாகக் கொண்டால், நூறாண்டுக்கு நிற்பது ஏறத்தாழ 180 கிலோ கார்பன், கரியமில வாயுவாகச் சொன்னால் 660 கிலோ. சுடுவதிலும் ஏற்றி இறக்குவதிலும் வெளியேறும் வாயுவை இதில் கழிக்க வேண்டும். ஆனாலும் தராசில் நிறுத்து, ஆய்வகத்தில் சோதித்து, யாரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. கரியின் தரத்தைக் களத்திலேயே ஓரளவு அறியலாம்: ஈரக்கையில் தேய்த்த கரி வெறும் தண்ணீரில் போய்விட்டால் நன்றாக வெந்திருக்கிறது, பிசுபிசுத்து, சோப்புப் போட்டால்தான் போகிறது என்றால் தார் மிச்சம் இருக்கிறது.

பாறைத்தூளின் வழி வேறு. மழைநீரில் கரைந்த கரியமில வாயு பாறையிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து, பைகார்பனேட்டாக மாறி, ஆறு வழியாகக் கடலுக்குப் போய்ப் பல்லாயிரம் ஆண்டுகள் தங்கும். தங்கும் காலத்தில் கரி இதற்கு ஈடாகாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 50 டன் வீதம் நான்கு ஆண்டுகள் பாசால்ட் தூவிய ஆய்வில், ஹெக்டேருக்குச் சுமார் 10.5 டன் கரியமில வாயு பிடிபட்டதாகவும், மக்காச்சோளமும் சோயாவும் 12 முதல் 16 விழுக்காடு கூடுதலாக விளைந்ததாகவும் 2024இல் வெளியிட்டார்கள். வகுத்துப் பார்த்தால், அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு டன் தூளுக்கு 50 கிலோவைச் சற்றே தாண்டுகிறது. பிடிபட்டது தண்ணீரோடு ஓடிவிடுவதால் அளப்பதும் கடினம். கரியமில வாயுவுக்குப் பதிலாக உரத்திலிருந்து வரும் நைட்ரிக் அமிலம் பாறையைக் கரைத்தால் பலன் இல்லை. கார மண்ணில் சுண்ணாம்பாகப் படிந்தால் பிடித்ததில் பாதி திரும்பவும் வெளியேறும். நம் ஊர்க் கிரஷர் தூசியும் இதுவும் ஒன்றென்று யாரும் எண்ணிவிட வேண்டாம்; கிரானைட் வகைப் பாறைகளில் கரையக்கூடிய கால்சியமும் மக்னீசியமும் குறைவு.

விவசாயிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் கரியின் பதிலும் தயங்கும். 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வெப்பமண்டல நாடுகளில் சராசரியாக 25 விழுக்காடு விளைச்சல் கூடியதாகவும், குளிர்நாடுகளில் பலனில்லை என்றும் கண்டது. ஆனால் அந்த உயர்வுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, புளித்த மண்ணின் அமிலத்தைக் கரி குறைத்தது. நீலகிரியின் தேயிலை மண்ணுக்குப் பொருந்துவது, ஏற்கெனவே களர் ஏறிய நிலத்துக்குப் பொருந்தாது. புதுக்கரியை அப்படியே கொட்டினால் தழைச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடும். சாணத்திலும் கோமியத்திலும் சில வாரம் ஊறவைத்து இடுவது நல்லது.

எதைக் கரியாக்குகிறோம் என்பதில்தான் எனக்குக் கண்டிப்பு அதிகம். மாட்டுக்குப் போகும் வைக்கோலைக் கரியாக்குவது கணக்கை ஏமாற்றுவது. ராமநாதபுரத்தின் சீமைக் கருவேலம் அப்படியல்ல; வெட்டியே ஆக வேண்டிய மரம் அது, கரிமூட்டம் போடத் தெரிந்தவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். ஆனால் மண் மூடிய மூட்டம் நாள்கணக்கில் புகைகிறது. அந்தப் புகையில் மீத்தேனும் போகிறது. மேலே தீ எரிந்துகொண்டே கீழே கரி சேரும் கூம்புக் குழி முறையில் புகையின் பெரும்பகுதி அந்தத் தீயிலேயே எரிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் விலை. அந்தக் கரி இன்று மூட்டை கட்டிப் போவது அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும். அங்கே எரிந்தால் கார்பன் முழுவதும் காற்றுக்கே திரும்புகிறது. அடுப்புக் கரிக்குக் கிடைக்கும் விலையை வயலில் புதைக்கும் கரிக்கும் யாராவது தந்தால்தான் மூட்டம் போடுபவர் லாரியை வயல் பக்கம் திருப்புவார்.