பால் பைதானா, கார்ன் பாம்பா: சாப்பிடுகிற பாம்பே போதும் எனக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வீட்டில் இருப்பது கார்ன் பாம்பு. நான்கு வருடமாக இருக்கிறது. அதனால் தராசு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். பால் பைதானோடு எனக்குப் பழக்கம் எட்டு மாதம்தான். வெளியூர் போன நண்பன் தன்னுடையதை என்னிடம் விட்டுப் போயிருந்தான். (இது ஒரு மலைப்பாம்பு வகை. குடிக்கிற பாலுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலத்தில் ‘ball’ என்றால் பந்து. பயந்தால் பந்து போலச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும்.)

பொதுவான சங்கதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுக்கும் விஷமில்லை. இரண்டும் 3 முதல் 5 அடி வளரும், பைதான் மட்டும் நல்ல தடிமன். கூண்டில் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளுமை, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம், ஒரு கிண்ணம் தண்ணீர். ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வைத்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லையென்றால் பாம்பின் வயிறு வெந்துவிடும். உங்கள் ஊர்ச் சட்டம் இவற்றை வளர்க்க அனுமதிக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஈரப்பதத்தில் பைதான் கொஞ்சம் கறார். 60 சதவீதம் போலக் கேட்கும். காற்று வறண்டால் சட்டை துண்டு துண்டாகத்தான் உரியும், கண்மேல் இருக்கும் மெல்லிய மூடி சில சமயம் ஒட்டிக்கொண்டே நின்றுவிடும். கார்ன் பாம்புக்கு 50 இருந்தாலே போதும். கண் பால்நிறமாக மங்கி, பிறகு தெளிந்து, ஒரு காலையில் பார்த்தால் தலை முதல் வால் வரை ஒரே துண்டாக, கழற்றிப் போட்ட காலுறை மாதிரி சட்டை கிடக்கும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய வித்தியாசங்கள். என்னை முடிவெடுக்க வைத்தது சாப்பாடு.

பால் பைதான் பட்டினி கிடப்பதில் பேர்போனது. குறிப்பாக வளர்ந்த ஆண்கள், குளிர்மாதங்களில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். நோயே இருக்காது, மனசு வைக்காது, அவ்வளவுதான். நண்பனுடைய பாம்பும் அப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை இரவு உறைந்த எலியை எடுத்து, உறையோடு வெந்நீரில் போட்டு, உள்வரை இளகிவிட்டதா என்று அழுத்திப் பார்த்து, இடுக்கியில் பிடித்து நீட்டுவேன். பைதானின் உதட்டோரம் சூட்டை உணரும் குழிகள் உண்டு, எலி ஆறியிருந்தால் மதிக்காது. அதனால் தலைப்பக்கத்தை மட்டும் இன்னொரு தரம் சூடாக்குவேன். அது நாக்கை இரண்டு தடவை நீட்டும். அப்புறம் நிதானமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இளகிய எலியைத் திரும்ப உறையவைக்கக் கூடாது, குப்பைக்குத்தான்.

பதினோரு வாரம் இப்படியே போனது. வாராவாரம் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து எடை பார்த்தேன்: 1,420 கிராம், 1,415, 1,410. கடைசி வாரத்தில்கூட 1,395. அதாவது பாம்புக்கு ஒன்றுமே ஆகவில்லை, தூக்கம் கெட்டது எனக்குத்தான். எடை மளமளவென்று இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும், இறங்காதவரை காத்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கார்ன் பாம்பில் இந்தத் தொல்லை அபூர்வம். வளர்ந்ததற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுண்டெலி. கூண்டு மூடியைத் தொட்டாலே மறைவிடத்திலிருந்து தலை எட்டிப் பார்க்கும். சட்டை உரிக்கும் சமயம் ஒரு வேளை வேண்டாம் என்னும், அவ்வளவுதான். இந்த ஆர்வத்துக்கும் ஒரு விலை உண்டு. எலி வாசனையோடு கையை விட்டால் விரலையும் இரையென்று நினைத்துவிடும். எனக்கு ஒருமுறை ஆனது, குண்டூசி குத்தியதுபோல நாலு புள்ளி.

பைதான் ஜெயிக்கிற இடமும் இருக்கிறது. கையில் எடுத்தால் கனமாக, அமைதியாக மடியில் கிடக்கும். கார்ன் பாம்பு ஒரு நிமிடம் சும்மா இருக்காது, விரல் விரலாக ஓடிக்கொண்டே இருக்கும். போதாததற்குத் தப்பிப்பதில் கில்லாடி. தலை நுழையும் சந்து கிடைத்தால் உடம்பும் நுழைந்துவிடும். மூடியின் ஒரு கொக்கியை மறந்த இரவு என்னுடையது கிளம்பிவிட்டது. மூன்றாம் நாள் புத்தக அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது.

ஆயுளையும் யோசியுங்கள். கார்ன் பாம்பு 15, 20 வருடம் இருக்கும். பைதான் 30ஐத் தாண்டலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சி சாலையில் அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் பால் பைதான் 2020இல் முட்டையிட்டது, அதுவும் பல வருடமாக ஆண் துணை இல்லாமல்!

பொறுமைசாலிக்குப் பைதான் பொருந்தும். தினமும் ‘ஏன் சாப்பிடவில்லை’ என்று குடைந்துகொள்கிற என்னைப் போன்றவர்கள் கார்ன் பாம்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. நண்பன் திரும்பி வந்து தன் பாம்பை எடுத்துப்போனான். இரண்டாம் வாரம் ஒரு படம் அனுப்பினான், பைதானின் வாயில் எலியின் வால் மட்டும் தெரிந்தது.