பெரிய காடைக்குக் கம்பிக் கூண்டா, ஆழ்கூளமா?

காடை வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: முட்டைக்கு என்றால் கூண்டு, கறிக்கு என்றால் ஆழ்கூளம், அதாவது தரையில் மரச்சீவலைக் கனமாகப் பரப்பி அதன் மேல் வளர்ப்பது. 150 கிராம் சொச்சம் எடையுள்ள சாதாரண ஜப்பானியக் காடைக்கு அது ஓடிவிடும். 300 கிராமைத் தொடும் ஜம்போ காடைக்கு அதைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி.

கறிக்காடையின் ஆயுளே ஏழெட்டு வாரம்தான். அந்த இளம் வயதில் பயப்பட வேண்டியது இரத்தக்கழிச்சல். எச்சத்தோடு வெளியேறும் கிருமி, ஈரமும் சூடும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளில் வீரியம் பெற்று, கூளத்தைக் கொத்தும் அடுத்த குஞ்சின் குடலுக்குள் போய்விடும். காடைக்கென்றே பேர்போன குடற்புண் நோயும் எச்சம் வழியாகத்தான் பரவுகிறது. அதன் கிருமி வித்துகளாக மாறிக் கூளத்தில் நெடுநாள் தங்கும். கம்பித் தரையில் எச்சம் கீழே தட்டில் விழுந்துவிடுவதால் இரண்டுக்குமே பெரும்பாலும் வழி அடைபட்டுவிடுகிறது. எடை கூடிக் கால் வலிக்கத் தொடங்கும் முன்பே கறிக்காடை கூண்டை விட்டுப் போய்விடும்.

ஆனால் பொரித்த அன்றே கம்பியில் விடக் கூடாது. முதல் இரண்டு வாரம் சொரசொரப்பான துணி விரித்த புரூடரில் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பு), 35 டிகிரிக்குக் குறையாத சூட்டில் தொடங்கி, வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்து வாருங்கள். வழுக்கும் செய்தித்தாள் விரித்தால் கால் அகன்றுபோகும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் குஞ்சு மூழ்கிச் சாகும். தீவனத்தில் புரதம் 24 சதவீதமாவது இருக்கட்டும்.

முட்டைக்கும் இனப்பெருக்கத்துக்கும் வைக்கும் பறவையின் கதை வேறு. அது வருடக்கணக்கில் கம்பியின் மேல் நிற்க வேண்டும். ஒரு பெட்டையைப் பிடித்துப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கால் வீங்கி நடுவில் கறுப்புப் பொருக்கு தெரிந்தால், அது கால்புண். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ஏறினால் பறவை தீவனத்தட்டுக்கே வராமல் உட்கார்ந்துவிடும். இந்த எடைக்கு ஆழ்கூளம்தான் மெத்தை. வளர்ந்த பறவைக்கு இரத்தக்கழிச்சலை எதிர்க்கும் சக்தியும் ஓரளவு வந்திருக்கும். மூன்று நான்கு பெட்டைக்கு ஒரு சேவல் என்று விடும்போது, சேவலின் தொல்லையிலிருந்து ஓடி ஒதுங்கவும் இடம் கிடைக்கும்.

கூளத்துக்கும் தண்டம் உண்டு. புள்ளி போட்ட முட்டை மரச்சீவலில் கலந்து கண்ணில் படாது, அழுக்காகவும் ஆகும். காடை பெரும்பாலும் சாயங்காலம்தான் இடும். இருட்டுவதற்குள் ஒரு சுற்றுப் பொறுக்கினால் பாதி பிரச்சினை தீரும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ள வேண்டும். விட்டால் எச்சம் விரல்நுனியில் உருண்டை கட்டும். அதைப் பிய்த்தால் நகமும் சேர்ந்து வரும், வெந்நீரில் ஊறவைத்தே கழற்ற வேண்டும். அம்மோனியா நெடியை நின்றபடி மோந்து பயனில்லை, குனிந்து பறவையின் உயரத்தில் மோந்து பாருங்கள்.

சிலவற்றில் இரண்டு முறைக்கும் வித்தியாசமே இல்லை. முட்டையிடும்போது 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும், தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 2.5 முதல் 3 சதவீதம் வேண்டும். மிரண்டால் காடை செங்குத்தாக எழும்பும். அதனால் கூண்டுக் கூரை ஒரு அடிக்கு மேல் வேண்டாம். ஆழ்கூளக் கொட்டகை என்றால் ஆறடிக்கு மேலே மெத்தென்ற வலை கட்டிவிடுங்கள். நடுத்தர உயரம்தான் மண்டையை உடைக்கும்.

ஒரே ஒரு அமைப்புக்குத்தான் இடம் என்றால்? கூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் பாதிக்கு ரப்பர் விரிப்பு, ஒரு மூலையில் மணல் தட்டு. விரிப்பை மட்டும் இரண்டு வைத்துக்கொண்டால், ஒன்று கழுவிக் காயும்போது மற்றது கூண்டில் இருக்கும்.