பைக்கை லோடு வண்டியில் ஏற்றுவது: தூக்குவதா, பலகையா, ராம்ப்பா, மேடா?

வீடு மாற்றும்போதோ, பைக் நடுவழியில் நின்றுபோய் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போதோ, அதை ஒரு குட்டி யானையிலோ (டாடா ஏஸ்) பொலேரோ பிக்கப்பிலோ ஏற்றியாக வேண்டிய நேரம் எல்லோருக்கும் வரும். நம் ஊரில் இதற்கு நாலு வழி நடப்பில் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து தூக்கி வைப்பது, பலகை போட்டுத் தள்ளுவது, ராம்ப் வைத்து ஏற்றுவது, மேடான இடத்தில் லோடு வண்டியை அணைத்து நிறுத்தி நேராக உருட்டிவிடுவது. இதில் எது நல்லது என்று பேசும்போது எல்லோரும் ஏற்றுவதை மட்டும்தான் பேசுகிறார்கள். எனக்கு முதல் கேள்வியே வேறு: இறக்கும் இடத்தில் யார் இருப்பார்கள்? ஏற்றும் இடத்தில் தெருக்காரர்கள், நண்பர்கள், டீக்கடையில் நிற்பவர்கள் என்று கை கொடுக்க ஆள் கிடைத்துவிடும். இரவு பதினொரு மணிக்குப் புது வீட்டு வாசலில் போய் நின்றால் டிரைவரும் நீங்களும் மட்டும்தான். அந்த ரெண்டு பேரால் இறக்க முடியாத வழியில் பைக்கை ஏற்றவே கூடாது.

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. லோடு வண்டியின் பாடி உயரம், அதாவது தரையிலிருந்து சாமான் வைக்கும் தளம் வரை, இரண்டரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள் (டாடா ஏஸில் இதைவிடக் கொஞ்சம் குறையும், பொலேரோ பிக்கப்பில் கூடும், டேப் வைத்து அளந்துவிடுவது நல்லது). 6 அடிப் பலகையில் கிளாசிக்கை நிறுத்திப் பிடிக்க மட்டுமே ஏறக்குறைய 81 கிலோ பலம் வேண்டும். 8 அடி என்றால் 61 கிலோ, 10 அடி என்றால் 49 கிலோ. ஸ்ப்ளெண்டருக்கு இதே கணக்கு 47, 35, 28 கிலோ. இது உராய்வைச் சேர்க்காத கணக்கு, மேலே தள்ள இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். நீளம் இரண்டு அடி கூடினால் எவ்வளவு பாரம் குறைகிறது பாருங்கள்.

சரி, தூக்குவதில் இருந்து ஆரம்பிப்போம். செலவே கிடையாது, எந்தச் சாமானும் வேண்டாம், வேகமும் அதிகம். அனுபவமுள்ள லோடுமேன்கள் முழு வண்டியையும் ஒரேயடியாகத் தூக்குவதில்லை. முன் சக்கரத்தைத் தூக்கிப் பாடி விளிம்பில் வைத்து, ஒருவர் மேலே ஏறி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் பின்பக்கத்தைத் தூக்கி உள்ளே தள்ளுவார்கள். ஸ்ப்ளெண்டருக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கும் இது நல்ல வழி என்றுதான் சொல்வேன், மூன்று பேர் போதும். பிடிக்கும் இடம் மட்டும் முக்கியம். முன்னால் ஃபோர்க் குழாயைப் பிடிக்க வேண்டும், மட்கார்டை அல்ல. பின்னால் பில்லியன் கைப்பிடியும் ஷாக் அப்சார்பரின் கீழ் முனையும் பிடிக்கத் தோதான இடங்கள். இண்டிகேட்டரையோ சைடு பேனலையோ பிடித்தால் கையோடு வந்துவிடும், ஓடி வந்த வண்டியின் சைலன்சரைத் தொட்டால் கை வெந்துவிடும்.

கிளாசிக்கைத் தூக்குவது வேறு கதை. 195 கிலோவை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 49 கிலோதான் என்று கணக்குச் சொல்லும். ஆனால் பாரம் அப்படிச் சமமாகப் பிரியாது. ஒருவர் கை வழுக்கினால் அந்தப் பக்கத்து எடை முழுக்க அடுத்தவர் முதுகில் இறங்கும். பைக்குக்கு விழும் கீறலைப் பெயின்ட் அடித்துச் சரி செய்யலாம், இடுப்புப் பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் அவதிப்பட வேண்டும். 150 சிசிக்கு மேல் உள்ள எந்த வண்டியையும் தூக்கி ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்தது பலகை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாரப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து சாய்ப்பதுதான் வழக்கம். அது பெரும்பாலும் ஒரு அங்குலக் கனம்தான் இருக்கும். பைக் நடுவில் வரும்போது அது வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், மரத்தில் ஒரு முடிச்சு இருந்தால் அங்கேயே முறியும். மரத்தின் கனம் இரண்டு மடங்கானால் தாங்கும் வலு நான்கு மடங்காகும், ஆகவே இரண்டு அங்குலக் கனமும் ஒரு அடி அகலமும் உள்ள நல்ல பலகை கிடைத்தால் தாராளமாக நம்பலாம். கனத்தைவிட எனக்குப் பெரிய கவலை பலகையின் மேல் முனைதான். பைக் ஏற ஏற லோடு வண்டியின் பின்பக்கம் அமுங்கும், அமுங்கும்போது பலகையின் முனை நகரும், சும்மா சாய்த்து வைத்த பலகை அந்த நேரம் பார்த்து நழுவிவிடும். முனையைப் பாடிக் கொக்கியோடு கயிற்றால் கட்டாமல் பைக்கை அதில் ஏற்றாதீர்கள். லோடு வண்டியும் கியரில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், டயருக்குக் கல்லும் வைத்திருக்க வேண்டும்.

பலகைக்காரர்கள் மறந்துவிடும் இன்னொன்று, தள்ளுகிற ஆளின் கால். பைக் சக்கரம் பலகையில் ஏறுகிறது, ஹேண்டில்பாரைப் பிடித்தவர் தரையில் நடக்கிறார். மேல் முனையை நெருங்கும்போது ஹேண்டில்பார் அவர் தலை உயரத்துக்குப் போய்விடும். அப்போது அவரால் பிரேக்கையும் பிடிக்க முடியாது, சாய்கிற வண்டியைத் தாங்கவும் முடியாது. பக்கத்திலேயே அவர் ஏறிப் போக இன்னொரு பலகை, குறைந்தபட்சம் ஒரு உறுதியான படிக்கட்டாவது இருக்க வேண்டும்.

ராம்ப் இந்தக் குறைகளில் பாதியைத் தீர்த்துவிடுகிறது. அலுமினியத்தில் மடக்கி வைக்கும் ராம்ப்பும் வாங்கக் கிடைக்கிறது, லேத் பட்டறையில் சொன்னால் இரும்புச் சேனலில் அடித்தும் கொடுப்பார்கள். விளிம்பில் உட்கார உதடு இருக்கும், சக்கரம் வழுக்காமல் குறுக்குக் கம்பி இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை வீடு மாற்றுகிறவருக்கு இது வீண் செலவு. மெக்கானிக் கடை வைத்திருப்பவரும், பழைய வண்டி வாங்கி விற்பவரும், ரேஸ் பழகப் போகிறவரும் இதை வாங்காமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். வாங்குவதென்றால் 8 அடிக்குக் குறைந்து வாங்காதீர்கள். 6 அடி ராம்ப் வைக்க வசதியாக இருக்கும், ஆனால் சாய்வு செங்குத்தாகிவிடுவதால் ராம்ப்பும் பாடியும் சேரும் மூலையில் பைக்கின் அடிவயிறு இடிக்கும். சென்டர் ஸ்டாண்டும் சைலன்சர் வளைவும் முதலில் மாட்டிக்கொள்ளும், தரைக்கு நெருங்கிய ஸ்கூட்டரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஆனால் நாலில் எனக்குப் பிடித்தது மேடுதான். பாடி உயரத்துக்கு ஒரு மேடு கிடைத்தால் அதைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை. குடோன் திண்ணை, லோடு இறக்கும் மேடை, சாலையோர மண்மேடு, ஏன், காலி மனையில் கொட்டிய கிராவல் குவியல் கூடப் போதும், இறுகியிருந்தால். முழு உயரம் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. லோடு வண்டியின் பின் சக்கரத்தை ஒரு அடிப் பள்ளத்தில் இறக்கினாலே இரண்டரை அடி ஒன்றரை அடியாகிவிடும், அதே 8 அடிப் பலகையில் கிளாசிக்கின் பாரம் 61 கிலோவில் இருந்து 37 கிலோவுக்கு இறங்கிவிடும். பைசா செலவில்லை. வண்டியை இங்கே நிறுத்துங்கள் அண்ணே என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்களுக்கும் இது தெரிந்த வித்தைதான். இதில் ஒரே ஒரு குறை, போய்ச் சேரும் இடத்திலும் மேடு இருக்குமா என்பது. அதனால் மேட்டில் ஏற்றினாலும் ஒரு நல்ல பலகையை உள்ளே போட்டுக்கொண்டு போவது என் பழக்கம்.

பைக்கை ஸ்டார்ட் செய்து ஓட்டியபடியே பலகையில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். நடுவில் நின்றால் கால் ஊன்ற இடமில்லை, ஏறிய வேகத்தில் போனால் கேபினில்தான் முட்டும். கீழே நின்று, முதல் கியரில் கிளட்ச்சைப் பாதி விட்டு, இன்ஜின் இழுக்கக் கூடவே ஏறுவது வேறு. ஆள் குறைவாக இருந்தால் அது நல்ல உபாயம், ஆக்ஸிலரேட்டரில் கை நிதானமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்றிய பிறகு கட்டுவதில் கஞ்சத்தனம் கூடாது. ஏஸ் பாடியின் நீளம் 7 அடிக்குச் சற்று மேல், கிளாசிக்கும் 7 அடியைத் தாண்டும், அதனால் கொஞ்சம் மூலைவாட்டில் சாய்த்து வைத்தால்தான் பின் கதவு நிம்மதியாக மூடும். முன் சக்கரம் கேபின் பக்கச் சுவரில் முட்டி நிற்க வேண்டும். ஹேண்டில்பாரின் இரு பக்கமும் முன்னோக்கிக் கீழே இழுத்துக் கட்டி, ஃபோர்க் பாதி அமுங்கும் வரை இறுக்கினால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் ஆயில் சீலுக்குக் கேடு. நைலான் கயிறு வழியில் தளரும், ரேட்செட் பெல்ட் (லீவரால் இறுக்கும் பட்டை) எளிதில் தளராது. சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டினால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முழு எடையும் அந்த ஒற்றைக் கம்பியில் அடிக்கும்.

இனி இறக்குவது. பைக் முகம் மேலே இருக்க, பின்பக்கமாக இறங்குகிறது. எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தில் இருப்பதால் முன் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் முன் டயர் சறுக்கிக்கொண்டு வரக்கூடும். பின் பிரேக்கோ காலில் இருக்கிறது, நடந்து இறக்குகிறவருக்கு அது எட்டாது. இதற்கு வழி கிளட்ச்தான். இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டுவிட்டால், கிளட்ச்சைப் பிடித்தால் வண்டி உருளும், விட்டால் பின் சக்கரம் இறுகும். அரை அடி அரை அடியாக இறக்கலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஸ்கூட்டரில் இந்த வேலை நடக்காது, ஆனால் அதில் பின் பிரேக் இடது கையிலேயே இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஒருங்கிணைந்த பிரேக் அல்லது ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதால், பெரும்பாலான புது ஸ்கூட்டர்களில் அந்த ஒரே லீவர் முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும்.

பலகை, ராம்ப், மேடு மூன்றிலும் இப்படி நிறுத்தி நிறுத்தி இறக்க முடிகிறது. தூக்கி இறக்குவதில்தான் பாதியில் நிறுத்த வழியே இல்லை. வேறு வழியில்லாமல் தூக்கித்தான் இறக்க வேண்டும் என்றால் கீழே ஒரு பழைய டயரைப் போட்டு, பின் சக்கரத்தை முதலில் அதன்மேல் இறக்குங்கள். எந்த வழியாக இருந்தாலும் பைக்குக்கு நேர் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். ஒருவர் இடது பக்கம் ஹேண்டில்பாரோடு, ஒருவர் வலது பக்கம் பில்லியன் கைப்பிடியோடு. முன் சக்கரம் தரைக்கு வந்த பிறகுதான் ஹேண்டில்பாரில் இருந்து கையை எடுத்து ஸ்டாண்ட் போட வேண்டும்.