பட்டியல் நோட்டா, ஐந்தறைப் பெட்டியா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து வகுப்புகளில் ஆங்கிலச் சொல் என்றாலே நோட்டில் நடுக்கோடுதான். இந்தப் பக்கம் சொல், அந்தப் பக்கம் தமிழ்ப் பொருள். செலவில்லை, நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் எழுதிப்போடலாம். தமிழில் பொருள் சொல்வதிலும் தப்பில்லை, சட்டென்று புரியும்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. ஏழுக்குப் பின் எட்டு என்று பிள்ளைகள் வரிசையையே நெட்டுருப் போடுகிறார்கள். கலைத்துக் கேட்டால் முழிக்கிறார்கள். இரண்டு பக்கமும் கண்ணில் படுவதால் யோசித்து எடுக்கும் வேலையே இல்லை. உச்சரிப்பைத் தமிழில் குறித்தால் இன்னும் சிக்கல்: பை, முதுகு, மூட்டை கட்டுதல் மூன்றுக்கும் 'பேக்' என்றே எழுதுவார்கள். நோட்டை விட முடியாது என்றால், பொருள் பக்கத்தை மடித்துவிட்டுக் கீழிருந்து கேளுங்கள்.

ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு எங்கள் ஓட்டு பெட்டிக்குத்தான். அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கிய முறை. அஞ்சறைப்பெட்டியேதான், கடுகுக்குப் பதில் சொல். 22×28 அங்குல சார்ட் ஒன்றை 4×2¾ அளவில் வெட்டினால் 56 அட்டை தேறும். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். பெஞ்சுக்கு ஒரு பெட்டி போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எங்கிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும், அடுத்தவற்றை இரண்டு நாள், நான்கு நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்ற இடைவெளியில் எடுக்கலாம். புதுச் சொல் நாளுக்கு ஐந்தாறு போதும். ஆசைப்பட்டு இருபது போட்டால் முதல் அறை வழிந்து, பெட்டி பரணுக்குப் போய்விடும்.

அட்டையின் பின்பக்கம் பொருளோடு ஒரு வாக்கியமும் வேண்டும். 'வெயிட்' என்றால் காத்திரு என்று மட்டும் எழுதினால் 'ஃபார்' விட்டுப்போகும். 'வெயிட்டிங் ஃபார் தி திருமங்கலம் பஸ்' என்று முழுசாக எழுதுங்கள். 'லெஃப்ட்', 'ரைட்' போன்ற ஜோடிகளை ஒரே நாளில் போடாதீர்கள். பொருளில் ஒரே வகையான சொற்களைச் சேர்த்துப் படித்தால் குழப்பம் கூடுவதை 1990களில் டிங்கம், வேரிங் என்ற ஆய்வாளர்களின் சோதனைகள் காட்டின.

போனில் இதே வேலையை ஆங்கி செயலி செய்கிறது. நாள் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரி. அப்பாவோடு போன் வேலைக்குப் போய்விடும் வீட்டில் உதவாது. நாலு நாள் விட்டால் பாக்கி குவிந்து மலைப்பாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவை எதுவும் வாசிப்புக்கு மாற்று அல்ல. மதுரை புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் புத்தகம் எடுக்கும்போது ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். நூறு சொல்லில் தெரியாதது இரண்டுக்கு மேல் போனால், தனியாக வாசிக்க அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.