குழந்தையின் உடற்கொழுப்பை அளக்க டெக்ஸா மேசையா, கனநீரா?

ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் உடலில் கொழுப்பு எவ்வளவு, தசையும் உறுப்புகளும் சேர்ந்த கொழுப்பற்ற பகுதி எவ்வளவு என்று ஆண்டுதோறும் அளக்க வேண்டிய ஓர் ஊட்டச்சத்து ஆய்வில் நான் பணிபுரிகிறேன். எந்த முறையில் அளப்பது என்ற விவாதம் எங்கள் குழுவில் பல வாரங்கள் நீடித்தது. இறுதியில் டெக்ஸா எனப்படும் இரட்டை ஆற்றல் எக்ஸ்-ரே ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தோம். அந்த முடிவில் இன்றும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் அன்று நாங்கள் முன்வைத்த காரணம் வேகம். இன்று நான் முன்வைக்கும் காரணம் வேறு.

எடையும் உயரமும் போதாதா என்ற கேள்விக்குப் புனே ஆய்வு நல்ல விடை தருகிறது. யாஜ்னிக் தலைமையிலான குழு 2003-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், புனே வட்டாரக் கிராமத்துக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரியாக 2.7 கிலோ எடையும், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ எடையும் இருந்தனர். எடையில் இவ்வளவு பின்தங்கியிருந்தும், தோள்பட்டை எலும்புக்குக் கீழுள்ள தோல்மடிப்பின் தடிமன் மட்டும் புனே குழந்தைகளுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரியும் குழந்தையின் உடலிலும் கொழுப்பின் பங்கு மிகுந்திருக்கலாம் என்பதைத் தராசு ஒருபோதும் காட்டாது.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோல்மடிப்பு இடுக்கி மலிவானது, பையில் அடங்குவது. மூன்று மாதம் முதல் ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சித் தர அளவுகளும் அதற்கு உண்டு. ஆனால் பிடிக்கும் கைக்குக் கை அளவு மாறும். உடலில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக் கணக்கிடும் மின்தடை முறை, எந்த மக்களிடம் அதன் சமன்பாட்டை உருவாக்கினார்களோ அவர்களைத் தாண்டினால் தடுமாறுகிறது. உடல் விலக்கும் காற்றைக் கொண்டு அதன் கனஅளவை அறியும் காற்று இடப்பெயர்ச்சிப் பெட்டிகளுள் பச்சிளங்குழந்தைகளுக்கான பீபாட் சுமார் ஆறு மாதம் வரை பயன்படுகிறது. பெரியவர்களுக்கான பாட்பாடில் குழந்தை இருக்கையைப் பொருத்தினாலும் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களை உட்கார வைக்க முடியாது. எங்களுக்குத் தேவையான வயதில் ஒரு பகுதி இந்த இடைவெளியிலேயே விழுந்ததால், போட்டி டெக்ஸாவுக்கும், டியூட்டீரியம் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து அளக்கும் கனநீர் முறைக்கும் இடையில் நின்றது.

கதிர்வீச்சைப் பற்றி எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள், கேட்பதுதான் முறை. முழு உடல் டெக்ஸா ஸ்கேனில் குழந்தைக்குச் சேர்வது சில மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு; ஆயிரம் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட்) மட்டுமே. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட், அதாவது நாளொன்றுக்கு ஆறேழு மைக்ரோசீவர்ட். மோனசைட் என்னும் கதிரியக்கத் தாது மணல் நிறைந்த கன்னியாகுமரி மாவட்ட மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அது இன்னும் பல மடங்கு அதிகம். அளவு சிறிது என்பதற்காகக் கட்டுப்பாடின்றி ஸ்கேன் செய்யக் கூடாது என்பதால், ஒரு குழந்தைக்கு ஒரு வருகையில் ஒரு முறைக்கு மேல் மறுஸ்கேன் செய்வதில்லை என்று வரையறுத்துக்கொண்டோம்.

கனநீர் முறை கதிர்வீச்சே இல்லாதது. ஹைட்ரஜனின் கதிரியக்கமற்ற கனமான வகையான டியூட்டீரியம் கலந்த நீரைத் துல்லியமாக எடைபோட்டுக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்து, குடிப்பதற்கு முன்னும் சில மணி நேரம் கழித்தும் உமிழ்நீரைப் பஞ்சில் எடுத்து, டியூட்டீரியம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்தால் உடலின் மொத்த நீர் தெரியும். கொழுப்பில் நீர் இல்லை என்பதால், நீரிலிருந்து கொழுப்பற்ற எடையையும், அதை மொத்த எடையிலிருந்து கழித்துக் கொழுப்பையும் கணக்கிடலாம். இயந்திரத்தைத் தேடிக் குழந்தை வர வேண்டியதில்லை. குவளையும் பஞ்சும் வீட்டுக்கே போகும். சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து இலங்கை, இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் இரண்டு வயது வரையிலான குழந்தைகளை அளந்த ஆய்விலும் இந்த முறை முக்கிய இடம் பெற்றது. அதைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை.

என்னை டெக்ஸாவின் பக்கம் திருப்பியது ஒரே விஷயம்: அளவீடு கெட்டுப்போனால் அது அப்போதே கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

முன்னோட்டத்தின்போது மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கனநீரை இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மூன்றாவதைக் கடைவாயில் வழியவிட்டாள். விதிப்படி, முன்பே எடைபோட்டு வைத்திருந்த துணியால் துடைத்து, மீண்டும் எடைபோட்டு, சிந்திய அளவைக் கழித்தோம். ஆனால் சட்டையின் கழுத்துப் பட்டியில் ஊறியதை யாரும் கவனிக்கவில்லை. உமிழ்நீர் ஆய்வகத்துக்குப் போய்ப் பல வாரங்கள் கழித்து முடிவு வந்தபோது, கொழுகொழுவென்றிருந்த அந்தப் பிள்ளையின் உடலில் கொழுப்பு ஏறத்தாழ இல்லவே இல்லை என்றிருந்தது. அந்த எண் நம்ப முடியாததாக இருந்ததால்தான் பிழை பிடிபட்டது. பாதி அளவுக்கே சிந்தியிருந்தால் நம்பத்தக்க ஒரு பொய்யான எண் எங்கள் கணக்கேட்டில் ஏறியிருக்கும்.

கணக்கைப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இரண்டரைக் கிலோ கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பற்ற ஒன்பதரைக் கிலோவில் 78 விழுக்காடு நீர் என்றால், மொத்த நீர் சுமார் 7.4 கிலோ. கொடுத்த கனநீரில் பத்தில் ஒரு பங்கு நாம் அறியாமல் சிந்திவிட்டால், கணக்கில் நீர் 8.2 கிலோவாக உயரும்; கொழுப்பு ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே இறங்கிவிடும். சில மில்லிலிட்டர் வழிந்ததற்கு ஒரு கிலோ கொழுப்புக் கணக்கில் காணாமல் போகிறது. இதற்கு மேல், கொழுப்பற்ற பகுதியின் நீர்ப்பங்கு நிலையானதும் அன்று. பிறப்பில் சுமார் 80 விழுக்காடாக இருப்பது பெரியவர்களில் 73-க்கு இறங்குகிறது, ஊட்டக்குறைவால் வீக்கம் கண்ட குழந்தையிடம் அது வேறாக இருக்கும்.

டெக்ஸாவிலும் பிழைகள் குறைவில்லை, ஆனால் அவை மறைவதில்லை. ஸ்கேன் கரம் வரிவரியாக நகர்ந்து படம் எடுப்பதால், குழந்தை காலை உதறினால் தொடையெலும்பு நடுவில் ஒடிந்து விலகியதைப் போலத் திரையில் தெரியும். அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்தும் கொலுசும் எலும்பைவிட வெண்மையாக மின்னும். (கயிற்றை அறுக்கத் தாய்மார்கள் தயங்குவார்கள், முடிச்சை அவிழ்த்து அவர்கள் கையிலேயே கொடுத்து, ஸ்கேன் முடிந்ததும் அவர்களையே மீண்டும் கட்டச் சொல்வதுதான் சரியான வழி என்று கற்றுக்கொண்டோம்.) மேசையை விட்டு இறங்கும் முன்பே படத்தைப் பார்த்து, ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கிறோம். கண்ணுக்குத் தப்புவது ஈர டயப்பர் ஒன்றுதான். அதிலுள்ள நீரைக் கருவி கொழுப்பற்ற திசுவாக எண்ணிவிடும் என்பதால், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் புதியதை மாற்றுகிறோம்.

அசையாமல் படுக்க வைப்பதே இதில் பெரும்பாடு. மயக்க மருந்து கொடுப்பதில்லை. மதியச் சோறு ஊட்டிய பிறகு, விளக்கைத் தணித்து, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றித் தாயின் கையிலேயே தூங்கவிட்டு மேசைக்கு மாற்றுகிறோம். துணியும் சிறிது கணக்கில் சேரும் என்பதால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே வகைத் துணிதான். ஒன்றரை முதல் இரண்டரை வயது வரைதான் மிகக் கடினம். சொன்னால் புரியாது, தூங்க வைத்தாலும் விழித்துவிடும்.

டெக்ஸாவின் எண்ணை அப்படியே வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. எலும்பு குறுக்கிடும் இடங்களில் கொழுப்பைக் கருவி நேரடியாக அளப்பதில்லை, பக்கத்துத் திசுவைப் பார்த்து ஊகிக்கிறது. மண்டையோடு மூடிய தலையில் இந்த ஊகம் மிகவும் பலவீனமானது. சிறு குழந்தையின் உடலில் தலையின் பங்கோ பெரிது. ஆகவே தலை நீக்கிய முழு உடல் அளவையே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். வெவ்வேறு நிறுவனங்களின் டெக்ஸா கருவிகளான ஹோலாஜிக்கின் எண்ணையும் ஜிஇ லூனாரின் எண்ணையும் ஒரே பட்டியலில் கலக்கவும் முடியாது. மென்பொருள் பதிப்பு மாறினாலும் எண் மாறும். ஹூஸ்டன் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அதே குழந்தைகளின் அதே ஸ்கேன்களைப் புதிய பதிப்பில் ஓட்டியபோது எடை குறைந்த பிள்ளைகளின் கொழுப்பு அளவு கூடியது.

படிக்கும்போது இது டெக்ஸாவுக்கு எதிரான சான்றாகவே தோன்றும். நானோ இதை மறுபக்கமாகவும் பார்க்கிறேன். மூல ஸ்கேன் கோப்பு கையில் இருந்ததால்தான் அந்த ஒப்பீடே சாத்தியமாயிற்று. ஐந்து ஆண்டுகளின் கோப்புகளையும் சேமித்து வைத்தால், கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பதிப்பில் மீண்டும் ஓட்டி ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரலாம். சட்டையில் ஊறிய கனநீரை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இதற்கெல்லாம் நிலையான அறை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்ட நடைமுறை, அன்றாடம் காலையில் மாதிரி முதுகெலும்பை வைத்துப் பார்க்கும் தரச் சோதனை எல்லாம் வேண்டும். குழந்தைகள் மலைக் கிராமங்களில் இருந்து, பயணமே ஒரு நாளை விழுங்கும் என்றால் நானும் கனநீரையே எடுத்துச் செல்வேன். ஊட்டுவதற்குக் குவளைக்குப் பதிலாகச் சிரிஞ்சு, கழுத்தில் எடைபோட்ட பட்டி, ஊட்டும் வேலைக்கு எப்போதும் ஒரே ஆள் என்ற ஏற்பாட்டுடன்.

ஒரு வயதுக்கு உட்பட்டவர்களில் நாங்கள் ஸ்கேன் செய்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டுமே. மேலே சொன்ன உறுதியை அவர்களுக்கும் நீட்ட மாட்டேன். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால், அழுதாலும் அசைந்தாலும் பெரிதாகப் பாதிக்கப்படாத பீபாடையே முதலில் தேடுவேன்.