டெபியன் தரும் டாம்கேட்: சரக்கு நல்ல சரக்கு, பெயர்தான் இம்சை

ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர் மென்பொருளான டாம்கேட்டை டார் ஃபைலாக (ஒரே கட்டாக) இறக்கி எங்காவது பிரித்துப் போடுவதா, டெபியன், ரெட் ஹாட் மாதிரி லினக்ஸ் டிஸ்ட்ரோ தரும் பேக்கேஜையே போடுவதா? சர்வர் பார்க்கிறவர்களிடையே ஓயாத பஞ்சாயத்து இது. நான் பேக்கேஜ் கட்சி. பாதுகாப்புத் திருத்தம் மற்ற அப்டேட்டுகளோடு சேர்ந்தே வந்துவிடும். பிரித்துப் போட்ட டார் ஃபைலை அதன்பின் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

டெபியன் 11-இல் வந்த டாம்கேட்9-இல் எனக்கு ரொம்பப் பிடித்தது சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் நிரல்) போட்டிருக்கும் பூட்டு. வெப்ஆப்ஸ், லாக் மாதிரி ஒருசில இடங்களைத் தவிர வேறெங்கும் டாம்கேட்டால் எழுத முடியாது. அப்லோட் ஃபோல்டரை வேறு இடத்தில் வைத்தால் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று பிழை வரும். ஆப் எழுதிக் கொடுத்தவர் "777 போடுங்க சார்" என்பார், அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி. போட்டாலும் வேலைக்காகாது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளை கொடுத்து, எழுத அனுமதி உள்ள இடங்களைச் சொல்லும் ரீட்ரைட்பாத்ஸ் வரியில் அந்த ஃபோல்டரைச் சேர்த்து, டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பேக்கேஜோடு வரும் ரீட்மீயிலேயே இது இருக்கிறது, படிப்பவர்தான் இல்லை. எல்லா டிஸ்ட்ரோவும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இம்சை பெயரில். டெபியன் 12-இல் டாம்கேட்9 சர்வர் கிடையாது, லைப்ரரி மட்டும்தான். சர்வர் வேண்டுமென்றால் டாம்கேட்10. ஜாவா நிரலுக்குள் 'ஜாவாஎக்ஸ்' என்றிருந்த பேக்கேஜ் பெயர்கள் 'ஜகார்த்தா' ஆனதால் பழைய வார் ஃபைல்கள் (ஆப்பைக் கட்டித் தரும் ஃபைல்கள்) அப்படியே ஓடாது. அதற்கு டெபியன் என்ன செய்யும்? ஆரக்கிள் 2017-இல் ஜாவா இஇ-யை (நிறுவன ஆப்களுக்கான ஜாவா) எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாற்றியதில் ஆரம்பித்த கதை அது. 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' ஃபோல்டரில் போட்டால் டாம்கேட்டே மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் ஈடிசி, வர் லிப், வர் லாக் என எல்லா ஃபோல்டர் பாதையிலும் டாம்கேட் பெயரோடு ஒட்டிய 9 போய் 10 வருகிறதே, அது டெபியன் வேலை. பேக்கப் ஸ்கிரிப்ட், லாக்ரொட்டேட் (பழைய லாக்குகளை ஒதுக்கும் கருவி), மானிட்டரிங் எல்லாவற்றையும் திறந்து திருத்த வேண்டும்.

ரெட் ஹாட்டில் எண் இல்லாத வெறும் 'டாம்கேட்'. ஒரே சர்வரில் நாலு இன்ஸ்டன்ஸ் (தனித்தனி டாம்கேட்) ஓட்ட சிஸ்டம்டி டெம்ப்ளேட்டும் தருகிறார்கள். டெபியன் தருவது இன்ஸ்டன்ஸ் ஃபோல்டரை உருவாக்கும் ஸ்கிரிப்ட் மட்டும், சர்வீஸ் ஃபைலை நாமே எழுத வேண்டும். அதற்காக ரெட் ஹாட்டைத் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. அவர்களின் லினக்ஸான ஆர்ஹெச்இஎல் 8 டாம்கேட்டே இல்லாமல்தான் வந்தது, 8.8-இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். ஹீப் (ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகம்) அளவை மாற்றும் ஃபைல்கூட அங்கே ஈடிசி டாம்கேட்டுக்குள், இங்கே ஈடிசி டிஃபால்ட்டுக்குள்.

டெபியனுக்கு ஐந்துக்கு மூன்றரை. ரெட் ஹாட்டின் பெயரும் டெபியனின் பூட்டும் ஒரே பேக்கேஜில் வந்தால் ஐந்தும் கொடுப்பேன். அதுவரை, சர்வர் அமைப்பைத் தானாகச் செய்யும் ஆன்சிபிளில் டிஸ்ட்ரோவுக்கு ஒரு வேரியபிள் ஃபைல் வைத்து ஓட்டுகிறேன்.