நாலறை வீட்டில் சிஸ்டம் 4 ஏர்கான்: ஆறு வருட அனுபவம்

கனடாவில் இருக்கும் மச்சான் புது வீட்டில் தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் பதித்து, அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட் (வெப்பநிலையை அளந்து கட்டுப்படுத்தும் கருவி) வைத்திருக்கிறார். வெயில் படாத உள்சுவரில், நெஞ்சு உயரத்தில். "உங்க வீட்ல சென்சார் எங்கே இருக்கு மச்சான்?" என்று கேட்டபோதுதான் நான் அண்ணாந்து பார்த்தேன்.

நமக்கு அது உள் யூனிட்டுக்குள்ளேயே, கூரையை ஒட்டி. ரிமோட்டில் 25 டிகிரி வைத்தால், மேலே உள்ளிழுக்கும் காற்றுக்குத்தான் 25. கட்டிலில் படுத்திருப்பவருக்கு இல்லை. மேற்கு பார்த்த மகள் அறையில் சாயங்காலச் சுவர் கையை வைத்தால் சுடும். அங்கே 25 போதாது, எங்கள் அறையில் அதே 25க்குப் போர்வை வேண்டும்.

சிங்கப்பூரில், செங்காங் வீட்டில் ஏர்கான் போட்டபோது நான் பார்த்தது விலையையும், மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் லேபிளில் உள்ள டிக் எண்ணிக்கையையும்தான். ஹாலுக்கு 24,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு), மூன்று அறைகளுக்கும் தலா 9,000, இந்த நாலு உள் யூனிட்டுக்கும் ஒரே வெளி யூனிட். அதுதான் சிஸ்டம் 4. ஹாலில் அதைப் போடுவது தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான். தினமும் இரவில் ஓடுவது ஒரு சின்ன அறை, சில நாள் இரண்டு. வெளி யூனிட்டில் இருக்கும் பெரிய கம்ப்ரஸரால் ஓர் அளவுக்குக் கீழே வேகத்தைக் குறைக்க முடியாது. அதனால் நின்று நின்று ஓடும். அறை குளிரும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. தேவைக்கேற்ப கம்ப்ரஸர் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் ஏர்கான் என்றால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று நினைத்திருந்தேன்.

நாலாவது வருடம் வெளி யூனிட்டின் போர்டு போனது. நான்கு அறையும் ஒரே நேரத்தில் அவுட். பாகம் வரும்வரை ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம். அம்மா ஈரத் துண்டை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அது இன்னும் புழுக்கத்தைத்தான் கூட்டியது, யாரும் சொல்லவில்லை.

புதிதாகப் போடுபவர்கள் தினமும் தூங்கும் அறைக்குத் தனி சிஸ்டம் 1, மற்றதுக்கு சிஸ்டம் 3 என்று பிரியுங்கள். வெளி யூனிட் வைக்கும் மேடையில் இரண்டு யூனிட்டுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்லும் 25 நல்ல கணக்குதான். காற்றாடியோடு எங்களுக்கு 26ஏ போதும்.

மகள் அறைக்கு இப்போது தனி யூனிட் கேட்டிருக்கிறேன். குழாய் போகும் வழியில் சுவரோடு பதித்த அலமாரி நிற்கிறது. அதைக் கழற்றாமல் முடியாது என்கிறார் வந்து பார்த்தவர்.